மென் எக்ஸ் கதிர்களைக் குவிக்கும் ஆடிகள்

வான்பொருள்களிலிருந்து வரும் மென் எக்ஸ் கதிர்களை ஒரு புள்ளியிற் குவிப்பது எளிதன்று. கண்ணாடி வில்லை அவற்றை உறிஞ்சிவிடும். சாதாரண ஆடியின்மீது நேராகப் படின், அவை திரும்பாமல் உட்புகுந்து மறையும். வளிமண்டலமும் அவற்றைத் தடுத்துவிடுவதால், கருவியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியுள்ளது. இவ்விடர்களை நம் நாட்டு விஞ்ஞானிகள் கடந்த வகை அறியத்தக்கதாகும்.

மைசூரு நகரின் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நின்று ஒரு தட்டைக் கல்லை மேலிருந்து எறிந்தால் அது மூழ்கும். நீர்ப்பரப்பை ஒட்டி வீசினால் தத்தித் தத்திச் செல்லும். காரணம் வேறாயினும், எக்ஸ் கதிரும் அவ்வாறே நடந்துகொள்கிறது. உலோகத்தினுள் அதன் ஒளிவிலகல் எண் ஒன்றினும் சற்றே குறைவு. ஆகவே, பரப்பை உராய்ந்தாற்போல் வரும் கதிர் முழுப் பிரதிபலிப்பு அடைகிறது. இதனை 1923-இல் காம்ப்டன் விளக்கினார். பரவளைவு ஆடியொன்றையும் அதிபரவளைவு ஆடியொன்றையும் அடுத்தடுத்து வைத்தால் தெளிவான பிம்பம் பெறலாமென 1952-இல் ஜெர்மானியர் ஹான்ஸ் வோல்டர் காட்டினார்.

இம்முறையைத் தழுவி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அஸ்ட்ரோசாட் துணைக்கோளுக்கு மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அமைத்தனர். அதன் குவியத் தூரம் 2 மீட்டர். வெளி அடுக்கின் ஆரம் 13 சென்டிமீட்டர் எனக் கொள்க. அங்குப் படும் கதிர் குவியத்தை அடைய ஏறத்தாழ 3.7 பாகை திரும்ப வேண்டும். இரு ஆடிகள் ஒவ்வொன்றும் பாதியளவு திருப்புகின்றன. பிரதிபலிப்பு விதிப்படி, ஆடியின்மீது கதிர் படும் சாய்வு அதிலும் பாதி, அதாவது ஒரு பாகைக்கும் குறைவு.

இச்சாய்வில் 10 சென்டிமீட்டர் நீள ஆடி, கதிர்களுக்கு 1.6 மில்லிமீட்டர் அகலமாகவே தோன்றும். ஆதலின் ஏறத்தாழ நாற்பது அடுக்குகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருக வேண்டியதாயிற்று. தடித்த ஆடிகளாயின் அவையே வழியை அடைத்துவிடும். எனவே வழவழப்பான கண்ணாடி அச்சின்மீது தங்கம் படியவைத்து, அதனைப் பிசின்கொண்டு மெல்லிய அலுமினியத் தகட்டிற்கு மாற்றினர். வளைபரப்புகளுக்கு ஈடாக எளிய கூம்பு வடிவமே கொள்ளப்பட்டது.

இதனால் கூர்மை குறைந்தது. 1999-இல் அமெரிக்கா ஏவிய சந்திரா தொலைநோக்கி ஒரு விகலையின் பாதியளவைப் பிரித்துக் காட்டும். நம்முடையதோ 2 கலையளவே, அதாவது முழுநிலவின் குறுக்களவில் பதினைந்தில் ஒரு பங்கே காட்டும். ஆயின் சந்திராவின் ஆடித்தொகுதி மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். அஸ்ட்ரோசாட் முழுவதுமே சுமார் 1,500 கிலோகிராம்தான். குறைந்த எடையில் மிகுந்த கதிர்களைச் சேர்த்தலே இங்கு நோக்கம்.

2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துணைக்கோள் ஏவப்பட்டது. எனினும் தொலைநோக்கி உடனே திறக்கப்படவில்லை. துணைக்கோளின் உறுப்புகளிலிருந்து கசியும் ஆவிகள் ஆடியிலோ உணர்கருவியிலோ படிந்தால், மென் கதிர்கள் உறிஞ்சப்பட்டுவிடும். நான்கு வாரம் பொறுத்து, அக்டோபர் 26-இல் கேமராவின் கதவு திறக்கப்பட்டபோது, பிகேஎஸ் 2155-304 என்னும் தொலைவான அண்டத்தின் கதிர்கள் பதிவாயின. ஐந்தாண்டிற்கெனத் திட்டமிடப்பட்ட அஸ்ட்ரோசாட், அக்காலம் கடந்தும் பணியாற்றியது.

வகுப்பில் இதன் சாயலைக் காட்டலாம். மினுமினுப்பற்ற தாளொன்றைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்துச் சன்னலை நோக்குக. சாய்வு மிகக் குறையும்போது, சொரசொரப்பான அத்தாளும் ஆடிபோல் ஒளிரக் காணலாம்.