படமும் இழையமும்

குரல்வளையிலே ஓரளவு முற்றிவிட்ட புற்றுநோய்க்கு வைத்தியர்கள் கூறும் பிரதான வழிகள் இரண்டு. குரல்வளையைச் சத்திர சிகிச்சையால் முழுவதும் அகற்றுவது ஒன்று; மருந்தின் துணையோடு கதிர்களைச் செலுத்தி நோயை அழிப்பது மற்றொன்று. முதலாவதில் நோயாளி தமது இயற்கைக் குரலை இழந்துவிடுகிறார். இரண்டாவதில் குரல் தப்புவதற்கு இடமுண்டு. ஆனால், கதிர் விழவேண்டிய எல்லையை மில்லிமீற்றர்க் கணக்கில் முன்னரே வரைந்துகொள்ளல் வேண்டும். எல்லையைக் குறுக்கி வரைந்தால் எஞ்சிய நோய் மீண்டும் தலைதூக்கும். அகட்டி வரைந்தாலோ உமிழ்நீர்ச் சுரப்பிகளும் விழுங்குவதற்குரிய தசைகளும் பழுதுறும்.

இவ்வெல்லையை வரைவதற்குப் பெரிதும் உதவுவன ஸ்கான் படங்களே. சி.ரி. ஸ்கான் எக்ஸ் கதிர்களாலும், எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தாலும் கட்டியின் வடிவத்தைக் காட்டுகின்றன. பெற் ஸ்கானின் வழி வேறு. கதிரியக்கமூட்டிய ஒருவகைச் சீனியைக் குருதியிற் செலுத்தினால், புற்றுநோய்க் கலங்கள் அதனை மிகுதியாக இழுத்துக்கொள்ளும். அவை இருக்குமிடம் படத்தில் ஒளிரும். கட்டி ஒன்றே எனினும் இம்மூன்றும் ஒரே எல்லையைக் கூறுவதில்லை. எதனை நம்புவது? படத்தைப் படத்தோடு ஒப்பிட்டு இதற்கு விடை காண இயலாது. உள்ளதை உள்ளபடி உரைக்கவல்ல சாட்சி இழையமே. அதிலும், நோயை உறுதிப்படுத்தக் கிள்ளியெடுக்கும் சிறு துண்டு போதாது. அது நோயின் வகையைச் சொல்லுமேயன்றி அதன் பரப்பைச் சொல்லாது.

பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வொப்பீட்டைச் செய்து 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளர் 29 பேருக்கு மூவகைப் படங்களும் எடுக்கப்பட்டன. அவர்களுள் 9 பேருக்குக் குரல்வளை அகற்றப்பட்டது. அகற்றிய உறுப்பை வழக்கம்போல் போர்மலினில் இட்டால் அது சுருங்கிவிடும், அளவும் பிழைத்துவிடும். ஆதலின் அதனை ஜெலற்றினிற் பதித்து, உறையவைத்து, மெல்லிய தகடுகளாக அரிந்து, ஒவ்வொன்றையும் பிரதி செய்து, மீண்டும் கணினியில் அடுக்கி, ஸ்கான் படங்களின்மேற் பொருத்திப் பார்த்தனர். பொறுமை மிக்க பணிதான்.

முடிவு எவரையும் சற்றுத் திகைக்கவைக்கும். சி.ரி., எம்.ஆர்.ஐ. இரண்டும் காட்டிய கட்டியின் பருமன் ஏறக்குறைய ஒன்றே. பெற் காட்டியது அவற்றினும் சிறிது. மெய்யான கட்டியோ அதனினும் சிறிது. அப்படியாயின் படங்கள் நோயை முழுவதும் அடக்கிவிட்டன என்று எண்ணத் தோன்றும். அதுதான் இல்லை. சளிச்சவ்வின்மேல் மெல்லிய படலமாகப் பரவியிருந்த பகுதியை மூன்றுமே தவறவிட்டன. நோயற்ற இடத்தை நோயெனக் காட்டிய அதே படம், நோயுள்ள இடத்தைக் காணாது விட்டது!

ஆகவே, பெற் படத்தின் துணையால் கதிர் விழும் பரப்பை ஓரளவு சுருக்கலாம்; ஆயினும் படத்தின் விளிம்பையே நோயின் விளிம்பாகக் கொள்ளலாகாது. வைத்தியர் அதனைச் சுற்றிச் சிறிது இடம் விட்டே எல்லை வரைகிறார். சவ்விற் படர்ந்ததைக் கண்டறிய, தொண்டையினுள் கருவி செலுத்திக் கண்ணால் நேரிற் பார்க்கிறார். 1855 இல் மனுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர் சிறு கண்ணாடி கொண்டு தமது குரல்வளையைத் தாமே பார்த்த செய்தியை வெளியிட்டார். ஸ்கான் யந்திரங்கள் வந்த பின்னரும் அந்த நேர்ப்பார்வை வைத்தியருக்கு வேண்டியிருக்கிறது.