புது லொறிக்கு மேலதிக உத்தரவாதம் அவசியமா?

சகோதரிகளே, கொஸ்லந்தையிலிருந்து பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றுவதற்காக லீசிங்கில் புதிய சிறிய லொறி ஒன்றை எடுத்தோம். மேலதிகமாகப் பணம் கட்டினால் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித் தருவதாக விற்பனையாளர் கூறினார். "கட்டிவிடுவோம்" என்றார் கணவர். நான் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி வாசித்தேன்.

உற்பத்திக் குறையால் இயந்திரமோ கியர் பெட்டியோ பழுதானால்தான் நிறுவனம் பொறுப்பேற்கும். கிளச், பிரேக், டயர் தேய்ந்தால் நமது செலவு. பெரகலை ஏற்றத்தில் முதலில் தேய்வது இவைதானே! பாரம் அளவு மீறினாலும், உரிய நேரத்தில் சேர்விஸ் செய்யாவிட்டாலும் உத்தரவாதம் செல்லாது.

மண்சரிவும் அதில் சேராது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்களையே மண் மூடியது. அத்தகைய இழப்புக்குக் காப்புறுதியே உதவும். அதில் இயற்கை அனர்த்தமும் அடங்குகிறதா என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நாங்கள் மேலதிக உத்தரவாதத்தை எடுக்கவில்லை. அந்தப் பணத்தைத் திருத்த வேலைக்கென வங்கியில் போட்டு வைத்து, இயற்கை அனர்த்தக் காப்புறுதியையும் சேர்த்துக்கொண்டோம்.

முதல் உத்தரவாதத்தை நிறுவனம் மதிக்காவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆகவே பற்றுச்சீட்டையும் சேர்விஸ் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். வாசிக்காத தாளில் கையொப்பமிடாதீர்கள்.