கண்மாய் நீரில் நுரையும் விடியற்கால மீன் சாவும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் இறங்கும் ஓடைகளால் நிரம்பும் கண்மாய்களிலும், தோட்டங்களில் வெட்டப்பட்ட பண்ணைக் குட்டைகளிலும் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய மீன்களை வளர்ப்பது குடியானவர்களுக்கு ஓர் உபவருமானமாகும். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீர் மாசி, பங்குனியில் குறுகிவருங்கால், ஒருநாள் அதிகாலையில் பெரிய மீன்கள் திரளாகச் செத்து மிதக்கக் காண்பதுண்டு. யாரோ பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு கிளம்பும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் புகார் எழுதுவார். இத்தகைய சாவுகளிற் பல விஷத்தால் நேர்ந்தவையல்ல. பிராணவாயுக் குறைவால் நேர்ந்தவை. அதன் அறிகுறி சில நாட்களுக்கு முன்னரே நீர்மட்டத்தில் தென்படுகிறது.

அவ்வறிகுறியாவது, காற்று ஒதுக்கும் கரையோரத்தில் எளிதிற் கலையாத நுரையும், அதனோடு பசும்படலமும் சேர்ந்து நிற்பதேயாம். அளவுக்கு மிஞ்சி இட்ட சாணம், மீன் தின்னாது விட்ட தவிடு, பிண்ணாக்கு, மீன்களின் கழிவு ஆகியவை நீரிற் கரைந்து, அலையால் கடையப்பட்டு நுரையாகின்றன. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்போர் இதே இயல்பைப் பயன்படுத்தி, ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்னும் கருவியால் கழிவை அகற்றுகின்றனர். குழாயினுள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்ப, கழிவு அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேற்கிண்ணத்தில் வடிகிறது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று கூடாமல் சிறியனவாகவே நிற்பதால் அது நடைபெறுகிறது. நன்னீரில் அவை விரைவிற் கூடிப் பெரிதாகி உடைந்துபோகும். ஆதலின் குட்டைக்கென்று அதை வாங்குவது வீண் செலவே. காற்று ஒதுக்கித்தரும் படலத்தைக் காலையில் இருவர் பழைய வேட்டியால் இழுத்துக் கரைக்கு வெளியே கொட்டுவது போதும். நீலப்பச்சைப் பாசிகளிற் சில நஞ்சுடையனவாதலால், அவ்விடத்தில் கால்நடைகளை நீர் குடிக்க விடலாகாது.

பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் மீன்களைப்போலவே அதுவும் அதனை உட்கொள்கிறது. ஆகவே சூரியோதயத்திற்குச் சற்று முன்பே குறைவு மிகுதி. வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் பிராணவாயுவும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தாங்கும் நன்னீர், 30 டிகிரியில் ஏறக்குறைய 7½ மில்லிகிராமே தாங்கும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டையினங்கள் துன்புறும். மப்பும் மந்தாரமுமான நாளுக்கு மறுநாள் காலை மிகவும் அபாயமானது.

கிராம நிர்வாக அலுவலர்கள் முதலில் கவனிக்கவேண்டியது, எந்நேரத்தில் எவ்வகை மீன் செத்தது என்பதே. பிராணவாயுக் குறைவாயின், மீன்கள் விடியுமுன் மேலே வந்து வாய் பிளக்கும். பெரியவை முதலில் மடியும். காற்றை நேரே சுவாசிக்கும் விராலும் தேளியும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எந்த வேளையிலும் சிறிதும் பெரிதுமாக விரால் உட்பட யாவும் மடிந்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது அன்றே நீரைச் சுத்தமான புட்டியிலும், அழுகாத மீனைப் பனிக்கட்டியிலும் எடுத்து மீன்துறையாரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அழுகிய மீனைக் கொண்டு எதையும் நிரூபித்தல் அரிது.

மீன் வாய் பிளக்கக் கண்டவுடன் தீனியையும் எருவையும் நிறுத்திவிட்டு, குட்டை நீரையே பம்பினால் இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழச் செய்க. கிணற்று நீரில் பிராணவாயு குறைவாதலால் அதனைப் பலகைமீதோ கல்மீதோ விழவிட்டே பாய்ச்ச வேண்டும். குழாயின் வாய் நீருள் மூழ்கியிருந்தால் பயனில்லை. பாசியைக் கொல்லவென்று மயில்துத்தம் போடுவோரும் உளர். இது கேடான வழக்கம். ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் போய்விடும். பாசி அடர்ந்த நீரில் பிற்பகலில் சுண்ணாம்பு இடுவதும் தகாது. அந்நேரத்தில் ஏற்கெனவே மிகுந்துள்ள காரத்தன்மை மேலும் ஏறி, கழிவிலுள்ள அம்மோனியாவின் நச்சு வலுக்கும்.

எருவிடும் அளவை அறிய, 8 அங்குல வட்டத்தகட்டில் வெள்ளையும் கறுப்பும் கால் கால் பங்காகப் பூசி, நண்பகலில் கயிற்றால் நீரில் இறக்கிப் பார்க்கலாம். சேற்றுக் கலங்கலில்லாத நீரில் 12 முதல் 16 அங்குல ஆழத்தில் தகடு மறைந்தால் பாசி அளவோடுள்ளது. 8 அங்குலத்திற்குள் மறைந்தால், தகடு மீண்டும் ஓரடி ஆழம்வரை தெரியுமளவும் சாணம் இடலாகாது.