பூனாவை உலுக்கிய ஓர் ஆண்டு: 1897

புனேயில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் இந்த ஊரின் சரித்திரம் பற்றிப் பேச்சு எழுந்தால் சிவாஜி மகராஜ், பேஷ்வாக்கள், ஷனிவார் வாடா என்று ஆரம்பிப்போம். அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி கல்லூரிகள், தொழிற்சாலைகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் என்று முடித்துவிடுவோம். இடைப்பட்ட காலத்தில் இந்த ஊர் இந்தியாவின் அரசியலையே திசை திருப்பிய ஓர் ஆண்டு உண்டு. அதுதான் 1897. ஒரு நோய், ஒரு சட்டம், இரண்டு கொலைகள், ஒரு ராஜத்துரோக வழக்கு, ஒரு பகிரங்க மன்னிப்பு, ஒரு தியாக மரணம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஆண்டில், இந்த ஊரை மையமாகக் கொண்டு நிகழ்ந்தவை.

நோய் வந்தது

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகள் நிறைந்த இடம் அது. சில மாதங்களுக்குள் நோய் ரயில் பாதை வழியே பூனாவுக்கும் வந்து சேர்ந்தது. 1897 பிப்ரவரியில் நகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. வசதி படைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் தங்கிவிட்டார்கள்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பிளேக் கிருமியை ஹாங்காங்கில் யெர்சின் 1894-ல் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்தக் கிருமி எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி மூலம் மனிதனுக்குப் பரவுகிறது என்பதை சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் காட்டியது 1898-ல்தான். உலகம் அதை ஏற்றுக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆக, 1897-ல் அரசாங்கமும் மக்களும் எதிரி யாரென்றே தெரியாமல் போரிட்டார்கள். தரையைக் கழுவினார்கள், துணிமணிகளைக் கொளுத்தினார்கள், நோயாளியையும் அவர் வீட்டாரையும் பிரித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். எலியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சட்டம் வந்தது

1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளை நோய்த் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம். ஆனால் பயணிகளைத் தடுத்து நிறுத்தவும், சோதிக்கவும், பிரித்து வைக்கவும் அரசுக்கு அது கொடுத்த அதிகாரமோ மிகப் பெரிது. அதிகாரி நல்லெண்ணத்தோடு செய்த எந்தச் செயலுக்காகவும் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதில் எழுதி வைத்தார்கள்.

பூனாவில் இந்த அதிகாரத்தைக் கையாள சதாராவில் துணைக் கலெக்டராக இருந்த வால்டர் சார்லஸ் ராண்ட் நியமிக்கப்பட்டார். அவர் தலைமையில் ஒரு பிளேக் கமிட்டி அமைந்தது. மார்ச் மாதம் வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. சோதனைக்கு வந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.

அந்தக் காலத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அடுக்களைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் சொந்த உறவினரே குளிக்காமல் நுழையத் தயங்கிய காலம். அங்கே பூட்ஸ் காலோடு சிப்பாய் நுழைந்தால்? பெண்களை நடுத்தெருவில் நிறுத்தி, அக்குளில் கட்டி இருக்கிறதா என்று பார்த்ததாகவும், சாமான்கள் சூறையாடப்பட்டதாகவும் புகார்கள் குவிந்தன. மரியாதையோடு நடக்கும்படி உத்தரவிட்டிருக்கிறோம் என்றது அரசுத் தரப்பு. உத்தரவு காகிதத்தில் இருந்தது. மனக்கசப்போ ஒவ்வொரு வாடாவின் முற்றத்திலும் இருந்தது. உயிர்களைக் காக்கவென்று எடுத்த நடவடிக்கையே மக்களுக்கு நோயைவிடப் பெரிய பயமாகிவிட்டது. நோயாளியை ஒளித்து வைத்தார்கள். இறந்தவரை ரகசியமாக எரித்தார்கள். ஒளிக்க ஒளிக்க நோயும் பரவியது.

தங்கியவர்கள்

இந்த நெருக்கடியில் பொதுவாழ்வில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஊரை விட்டுப் போன பிரமுகர்களை திலகர் தம் 'கேசரி' பத்திரிகையில் கண்டித்தார். அவர் பூனாவிலேயே தங்கினார். இந்துக்களுக்கென்று ஒரு பிளேக் மருத்துவமனையை ஏற்படுத்தினார். நோய்த் தடுப்பு வேண்டும், ஆனால் அதைச் செய்யும் முறை மாற வேண்டும் என்பதே அவர் கட்சி.

பேச்சோ எழுத்தோ இல்லாமல் பணியில் இறங்கியவர் ஒரு பெண்மணி. 1848-ல் கணவர் ஜோதிபா பூலேயுடன் சேர்ந்து பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலேதான் அவர். 1897-ல் அவருக்கு வயது 66. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். நகருக்கு வெளியே அவர் அமைத்த சிகிச்சை இடத்தில் தாயும் நோயாளிகளைக் கவனித்தார். முண்ட்வாவில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு, அவனைத் தாமே தூக்கி வந்து சேர்த்தார். அந்த நோய் அவரையும் தொற்றிக்கொண்டது. மார்ச் 10 அன்று காலமானார். இன்று நம் பிள்ளைகள் படிக்கும் புனே பல்கலைக்கழகம் 2014 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜூன் 22

பல்கலைக்கழகத்தின் பழைய பிரதான கட்டடம் அந்நாளில் கவர்னர் மாளிகை. கணேஷ்கிந்த் மாளிகை என்பார்கள். 1897 ஜூன் 22 அன்று விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 60-ஆம் ஆண்டு விழா அங்கே விமரிசையாக நடந்தது. ஊரில் பஞ்சமும் பிளேக்கும் சேர்ந்து பாடாய்ப் படுத்திய ஆண்டில் வாணவேடிக்கை!

விருந்து முடிந்து நள்ளிரவில் வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. கணேஷ்கிந்த் சாலையில் ராண்டின் வண்டியில் ஏறி தாமோதர் சாபேகர் சுட்டார். பின்னால் வந்த வண்டியில் இருந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் என்பவரைத் தம்பி பாலகிருஷ்ணா சுட்டார். அயர்ஸ்ட் உடனே இறந்தார். ராண்ட் ஜூலை 3 அன்று ஸஸூன் மருத்துவமனையில் இறந்தார்.

சாபேகர் சகோதரர்கள் சிஞ்ச்வட்காரர்கள். தந்தை ஹரி சாபேகர் கீர்த்தனம் செய்பவர். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதாகாலட்சேபத்துக்கு உரமூட்டிய அதே மராட்டியக் கீர்த்தனக் கலைதான். சகோதரர்களைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 20,000 ரூபாய் பரிசு என்று அரசு அறிவித்தது. திராவிட் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு சகோதரர்கள் துப்புக் கொடுத்தார்கள். 1899 பிப்ரவரியில் அவர்களை மூன்றாவது தம்பி வாசுதேவும் நண்பர் மகாதேவ் ரானடேயும் சுட்டுக் கொன்றார்கள். தாமோதர் 1898 ஏப்ரல் 18-லும், வாசுதேவ், ரானடே, பாலகிருஷ்ணா ஆகிய மூவரும் 1899 மே மாதத்திலும் எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு தாய் பெற்ற மூன்று பிள்ளைகளும் தூக்குமேடை ஏறினார்கள்.

அவர்களை வீரர்கள் என்று இந்த ஊர் இன்றும் கொண்டாடுகிறது. நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் ராண்டைச் சுட்டதனால் பிளேக் நின்றதா என்றால், இல்லை. பிறகும் பல ஆண்டுகள் அது பூனாவை வாட்டியது. கெடுபிடிதான் உடனே அதிகரித்தது. ஊரில் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டது, அதன் செலவும் ஊர் மக்கள் தலையிலேயே விழுந்தது. நாட்டு சகோதரர்கள் என்ற இரு சர்தார்கள் 1827-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறை ஒன்றின்கீழ் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் வெளியே வந்தது 1899-ல்.

எழுத்தின்மீது வழக்கு

கொலைக்கு ஒரு வாரம் முன், ஜூன் 15 'கேசரி' இதழில் சிவாஜி முடிசூட்டு விழாவைப் பற்றிய செய்திகள் வெளியாகியிருந்தன. அஃப்சல்கானை சிவாஜி கொன்றது நியாயமா என்ற பேச்சும், சிவாஜியே பேசுவதாக ஒரு கவிதையும் அதில் இருந்தன. இவை மக்களைத் தூண்டின என்று சொல்லி ஜூலை 27 அன்று திலகரைப் பம்பாயில் கைது செய்தார்கள். கொலையோடு அவரைத் தொடர்புபடுத்த ஆதாரம் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 124-அ பிரிவின்கீழ் ராஜத்துரோகம் என்பதே குற்றச்சாட்டு.

அவருக்கு ஜாமீன் கொடுத்த நீதிபதி பத்ருதீன் தியாப்ஜி. 1887-ல் நம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். விசாரணை செப்டம்பரில் நீதிபதி ஸ்ட்ராச்சி முன் நடந்தது. அரசின்மீது பிரியம் இல்லாமல் இருப்பதே ராஜத்துரோகம் ஆகிவிடும் என்கிற அளவுக்கு அவர் சட்டத்துக்கு விளக்கம் சொன்னார். ஜூரிகள் ஒன்பது பேர். ஆறு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர், மூன்று இந்தியர் குற்றவாளி அல்ல என்றனர். 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பூனாவின் தலைவராகச் சிறைக்குள் போன திலகர், இந்தியாவின் தலைவராக வெளியே வந்தார்.

இந்த வழக்கின் நிழல் நம் தமிழ்நாட்டிலும் விழுந்தது. அதே 124-அ பிரிவு 1908 ஜூலையில் தூத்துக்குடி வ.உ. சிதம்பரம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பியது. அதே மாதம், அதே பிரிவின்கீழ் திலகரும் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டு, ஆறு ஆண்டுகளுக்கு மாண்டலே சிறைக்குப் போனார். வ.உ.சி.யும் பாரதியாரும் திலகரைத் தலைவராகக் கொண்டவர்கள். 1907-ல் சூரத் காங்கிரஸுக்கு இருவரும் போனதும் அந்த பக்தியினால்தான்.

ஒரு மன்னிப்பு

அந்த ஆண்டின் இன்னொரு நாயகர் கோபால கிருஷ்ண கோகலே. 1897-ல் இந்தியாவின் வரவு செலவு பற்றி வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல லண்டன் போயிருந்தார். 'சுதேசமித்திரன்' ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் அங்கே சாட்சி சொன்னார் என்பது நமக்குப் பெருமை. பூனாவிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, சிப்பாய்கள் பெண்களை மானபங்கம் செய்ததாக ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கோகலே கூறினார். பார்லிமெண்டிலேயே பரபரப்பு. ஊர் திரும்பியதும் ஆதாரம் தேடினார். கடிதம் எழுதியவர்கள் முன்வந்து நிரூபிக்கத் தயாராக இல்லை. அவர்கள் பெயரையும் கோகலே வெளியிடவில்லை. தாமே பகிரங்கமாக நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார்.

கோழை என்று ஏசியவர்கள் உண்டு. நிரூபிக்க முடியாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தபின் மௌனமாக இருந்துவிடுவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. பிறகு பிளேக் நிவாரணப் பணியில் தொண்டராக இறங்கி உழைத்தார். 1905-ல் இந்திய ஊழியர் சங்கத்தை இந்த ஊரில் நிறுவினார். 1915-ல் அவர் மறைந்தபின் அந்தச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். மராட்டியர் நாற்காலியில் ஒரு தமிழர். புனேயில் வாழும் நாம் மறக்கக் கூடாத செய்தி இது.

நமக்கு என்ன?

1897-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்கதை ஆகிவிடவில்லை. 2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் நம் புனேயில்தான் கண்டறியப்பட்டனர். சில நாட்களில் மாநில அரசு கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான். சொசைட்டி கேட்டில் தடுப்பு, கதவில் ஒட்டிய அறிவிப்பு, ஊருக்குப் போக முடியாமல் தவித்த தொழிலாளர்கள் என்று நாம் பட்ட அனுபவத்தின் வேர் ராண்டின் காலத்தில் இருக்கிறது. பூனாவின் அந்த ஒரே ஆண்டு, அரசாங்கத்துக்கும் குடிமகனுக்கும் இடையே இன்றும் தீராத ஒரு கணக்கைத் தொடங்கி வைத்தது. ஊரைக் காப்பாற்ற வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம்? வருத்தத்தைச் சொல்ல எவ்வளவு தூரம் பேசலாம்?

என் மனதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். ராண்டிடம் சட்டம் இருந்தது, படை இருந்தது, வேலையை முடிக்கும் வேகமும் இருந்தது. மக்களின் நம்பிக்கை மட்டும் இல்லை. சாவித்திரிபாயிடம் அதிகாரம் ஏதும் இல்லை. ஆனால் தன் பிள்ளையை அவர் கையில் கொடுக்க ஒரு குடும்பம் சம்மதித்தது. கொள்ளை நோய்க் காலத்தில் மருந்துக்கு அடுத்தபடி வேண்டியது அந்தச் சம்மதம்தான். வெளியூரிலிருந்து வந்து, பாஷை புரியாமல் அண்டை அயலாரை நம்பி வாழ்பவர்களுக்கு அதன் அருமை கூடுதலாகவே தெரியும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை லோனாவ்லாவுக்கும் மகாபலேஷ்வருக்கும் அழைத்துப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நாராயண் பேட்டையில் கேசரி வாடா, கஞ்ச் பேட்டையில் பூலே வாடா, சிஞ்ச்வட்டில் சாபேகர் வாடா, பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகை ஆகிய நான்கையும் காட்டுங்கள். பிழைக்க வந்த ஊரின் கதை தெரிந்தால், அது பிள்ளைகளுக்குச் சொந்த ஊராகிவிடும்.