தோட்டத்து உயிர்களையும் கணக்கில் சேர்ப்போம்

இரப்பர்த் தோட்டத்தில் எல்லாம் கணக்குத்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கணக்கு எடுக்கப்படுகிறது. நிரையில் நிற்கும் மரங்கள் எத்தனை, நிறுவைக்கு வந்த பால் எத்தனை கிலோ, அதில் உலர்ந்த இரப்பர் எத்தனை விழுக்காடு, ஒட்டுப்பால் எவ்வளவு என்பவையெல்லாம் கிராணியாரின் ஏட்டில் ஏறிவிடுகின்றன. உரத்துக்கும் களைக்கொல்லிக்கும் ஆன செலவு கடைசிக் காசு வரை எழுதப்படுகிறது.

ஆயினும் அதே தோட்டத்தில், சம்பளப் பட்டியலில் பெயரில்லாமல் உழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. உதிர்ந்த இலையை மக்கச் செய்து மண்ணோடு சேர்க்கும் மண்புழு, இலைப்புழுவைப் பொறுக்கித் தின்னும் குருவி, பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் வண்டும் வௌவாலும், மண்சரிவைத் தடுத்து நிற்கும் ஆற்றோரத்து மரஞ்செடிகள் ஆகியவை எந்த ஏட்டிலும் இடம் பெறுவதில்லை. இடம் பெறாத காரணத்தால், அவை குறையும்போது நட்டமென்று எவரும் எழுதுவதில்லை. மண் வளம் குன்றி, ஆறு கலங்கி, செலவு ஏறிய பிறகே அவற்றின் அருமை தெரிகிறது.

இந்தக் குறையைப் போக்குவதற்காகவே உலக நாடுகள் பலவும் விளைநிலங்களில் வாழும் உயிர்களையும், அவை மனிதனுக்குச் செய்யும் பணிகளையும் முறைப்படி அளந்து, அந்த அளவைக் கொண்டு சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்க முற்பட்டுள்ளன. அது நம் நாட்டில் எவ்வாறு நடைபெறுகிறது, தோட்ட மக்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இங்கே காண்போம்.

இரண்டு கணக்குகள்

இங்கே அளக்கப்படுவன இரண்டு. முதலாவது, ஓரிடத்தில் எத்தனை வகை உயிர்கள் உள்ளன, ஒவ்வொரு வகையிலும் எத்தனை உள்ளன என்பது. இதனை உயிர்ப்பன்மை என்பர். இரண்டாவது, அவ்வுயிர்களால் நமக்குக் கிடைக்கும் பயன். மண்ணரிப்பு தடைப்படுதல், நீர் தெளிதல், பூ காயாதல், பூச்சியும் எலியும் கட்டுப்படுதல் போன்றவை இதில் அடங்கும். இவற்றை இயற்கைச் சேவைகள் என்பர்.

இரண்டும் ஒன்றல்ல. ஒரு தோட்டத்தில் பறவை வகைகள் பல இருந்தும் புழுக்கள் குறையாமல் இருக்கலாம். ஒரே ஒரு வகை வண்டு மட்டும் வந்து ஒரு பயிரின் விளைச்சலையே மாற்றிவிடவும் கூடும். ஆகவே, உயிர்களை எண்ணுவது ஒரு வேலை. அவை செய்யும் பணியை அளப்பது மற்றொரு வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மண்ணை இழந்து கற்ற பாடம்

இந்நாட்டில் இரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இல்லாமல் நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளமென்று கருதப்பட்டது. புல் வெட்டும் அந்த வேலையைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்களே. அவர்கள் மண்வெட்டியால் சுரண்டித் துப்புரவாக்கிய குன்றுச் சரிவுகளில், மழை நேரடியாக வெறும் மண்ணில் விழுந்தது. மேல்மண் கரைந்து ஓடியது. ஆறுகள் சேறாயின.

1925இல் நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்ட நிபுணர்களும் மண்ணின் சத்தையும் மரத்தின் வளர்ச்சியையும் அளந்து ஒப்பிட்டனர். அதன் பயனாக 1920களிலும் 1930களிலும் அந்தப் பழைய வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. சரிவுகளில் படிக்கட்டு வரப்புகள் வெட்டப்பட்டன. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் முதலிய அவரையினக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன.

இக்கொடிகள் செய்யும் பணி சாதாரணமானதன்று. மழைத்துளி மண்ணைத் தாக்காமல் அவை தாங்கிக்கொள்கின்றன. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. பழைய மரங்களின் வேர்கள் விரைவில் மட்கத் துணைபுரிந்து, வெள்ளை வேர் நோய் பரவுவதைக் குறைக்கின்றன. லாலாங் புல் மண்டிய நிலத்தைவிட இக்கொடி படர்ந்த நிலத்தில் இளமரம் விரைவில் பருத்து, முன்னதாகவே பால் வெட்டுக்கு வருகிறது. மண்வெட்டியால் அழிக்கப்பட வேண்டிய களை என்று கருதப்பட்ட கொடியினம், அளந்து பார்த்த பிறகே தோட்டத்தின் துணைவன் என்று அறியப்பட்டது. அளவை மாறியதும் வழக்கம் மாறியது.

எண்ணும் முறை

ஆயிரக்கணக்கான ஏக்கரில் வாழும் பறவையையும் புழுவையும் எவ்வாறு எண்ணுவது என்று வாசகர்கள் வியக்கலாம். இதற்கு விடை பால் நிறுவையிலேயே இருக்கிறது. கொண்டுவந்த பால் முழுவதையும் எவரும் உலர்த்திப் பார்ப்பதில்லை. நன்கு கலக்கிச் சிறிதளவு மாதிரி எடுத்துச் சோதித்து, அதைக் கொண்டே முழுப் பாலின் தரத்தை முடிவு செய்கின்றனர். மாதிரி முறையாக எடுக்கப்பட்டால் கூலி சரியாக வரும். தவறாக எடுக்கப்பட்டால் உழைத்தவருக்கு நட்டம். உயிர்க்கணக்கும் அவ்வாறே மாதிரி எடுத்துச் செய்யப்படுவதாகும்.

பறவைகளை எண்ணுவோர் விடிந்தவுடன் குறிப்பிட்ட இடத்தில் சில நிமிடங்கள் அசையாமல் நின்று, கண்டவற்றையும் குரல் கேட்டவற்றையும் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்வர். தரையில் ஊரும் பூச்சிகளுக்காக, விளிம்பு தரைமட்டத்தில் இருக்குமாறு கிண்ணங்களைப் புதைத்து வைத்து, விழுந்தவற்றை எண்ணுவர். மண்புழுவுக்கு, பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் சதுரமாக, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்துக் கையால் பிரித்துப் பார்ப்பர்.

இதில் முக்கியமானது ஒழுங்கு. ஒரே முறையில், ஒரே நேரத்தில், அதே இடங்களில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். அப்போதுதான் உயிர்கள் கூடினவா, குறைந்தனவா என்று கூற இயலும். காட்டை ஒட்டிய நிலத்தையும், நடுத்தோட்டத்தையும், மருந்து தெளித்த நிலத்தையும், தெளிக்காத நிலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

இவ்வாறு எண்ணியதில் ஓர் உண்மை ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டுள்ளது. பசுமையாகத் தோன்றினாலும் தோட்டம் காடாகாது. காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை ஒரே வகை மரம் நிற்கும் இரப்பர்த் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வாழ்வதில்லை. சுமத்ராவில் பலவகை மரங்களோடு கலந்து காடுபோல் வளர்க்கப்படும் இரப்பர் நிலங்களில், தனி இரப்பர் நிலங்களைவிட அதிக வகை உயிர்கள் காணப்படுகின்றன.

பணியை அளக்கும் முறை

உயிரின் பணியை அளப்பதற்கு எளிய வழி, அந்த உயிரை விலக்கி வைத்துப் பார்ப்பதாகும். துரியான் பூக்களில் சிலவற்றை வௌவால் நுழையாதவாறு வலையால் மூடிவிட்டு, மற்றவற்றைத் திறந்து விட்டால், எதில் எத்தனை காய் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த வேறுபாடே வௌவாலின் உழைப்பு.

பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்களைப் பற்றி 1970களில் ஆராய்ந்தவர்கள், அவற்றின் எச்சத்தில் கலந்திருந்த மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தனர். துரியான், பெத்தாய் ஆகியவற்றின் பூக்களை மட்டுமன்றி, முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோரச் சதுப்புக்காட்டு மரமான பெரெம்பாங்கின் பூக்களையும் அவை நாடிச் செல்வது தெரியவந்தது. துரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் வௌவாலுக்கு உணவளிக்கும் மரங்கள் அழிந்தால், துரியான் பூக்கும் வேளையில் மகரந்தம் சுமக்க ஆளிராது. கடலோரத்தில் வெட்டப்படும் மரத்துக்கும் கம்பத்தில் குறையும் பழத்துக்கும் உள்ள தொடர்பை இத்தகைய ஆய்வின்றி யார் அறிய முடியும்?

செம்பனையின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. காற்றே செம்பனையின் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். நம் நாட்டில் காய்ப்பு போதாமையால், தொழிலாளர்கள் கையாலேயே பூக்களில் மகரந்தம் தூவி வந்தனர். 1970களின் இறுதியில் ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியல் அறிஞர், செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கமரூன் நாட்டில் ஆராய்ந்து, அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்பதைக் கண்டறிந்தார். பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்த பிறகு, 1981இல் அவ்வண்டு மலேசியாவில் விடப்பட்டது. கைத்தூவல் வேலை தேவையற்றதாயிற்று. ஒரு சிறு பூச்சியின் பணி எத்தனை ஆள்கூலிக்கு ஈடு என்பதைத் தோட்டக் கணக்கே காட்டிவிட்டது.

கூகையைக் கெட்ட சகுனம் என்று விரட்டுவோர் நம்மிடையே இன்றும் உளர். செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் அப்பறவை கக்கும் உருண்டைகளில் உள்ள எலும்புகளை எண்ணிப் பார்த்ததில், ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்பதாக மதிப்பிட்டுள்ளனர். கடுமையான எலி மருந்து வைக்கும் இடங்களில், மருந்துண்ட எலியைத் தின்று கூகையும் நலிகிறது.

நேர்மையான கணக்கு தீமையையும் மறைக்காது. காட்டுப்பன்றி இளங்கன்றைத் தோண்டிப் போடுகிறது. வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் மங்குகளைக் கவிழ்க்காமல் விட்டால், தேங்கும் மழைநீரில் டிங்கி பரப்பும் கொசு வளர்கிறது. நன்மையும் தீமையும் சேர்ந்த கணக்கே கொள்கைக்கு உதவும்.

கணக்கிலிருந்து சட்டத்துக்கு

எண்ணிக்கை எவ்வாறு சட்டத்தைத் தொடுகிறது என்பதற்கு ஆற்றோர ஒதுக்குநிலம் தக்க சான்றாகும். சபாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, 3 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஆறுகளின் இரு கரையிலும் 20 மீட்டர் நிலத்தை ஒதுக்க வேண்டும். அங்குள்ள செம்பனைத் தோட்டங்களினூடே செல்லும் ஆற்றோரங்களில் பறவைகளை எண்ணி ஒப்பிட்ட ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. காட்டாற்றின் கரையில் காணப்படும் அளவுக்குப் பறவை வகைகள் வாழ வேண்டுமானால், ஒவ்வொரு கரையிலும் குறைந்தது 40 மீட்டர் இயற்கையான மரஞ்செடிகள் தேவை என்று அது காட்டியது. அகலம் போதாது என்று வாயால் சொல்வது வேறு. எத்தனை மீட்டர் போதாது என்று காட்டுவது வேறு. சட்டம் வகுப்போருக்குப் பின்னதே பயன்படும்.

பிரிட்டனில், விளைநிலப் பறவைகளின் எண்ணிக்கையை அந்நாட்டு அரசாங்கம் ஓர் அதிகாரக் குறியீடாகவே வெளியிட்டு வருகிறது. 1970ஐ ஒப்பிடுகையில் அது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. வேலியோரச் செடிகளையும் வயலோரப் பூக்களையும் காக்கும் விவசாயிகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டங்களுக்கு இத்தகைய கணக்குகள் வலுவூட்டின.

மலேசியா 1994இல் உயிர்ப்பன்மை பற்றிய உலக உடன்படிக்கையில் சேர்ந்தது. 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 23 இலக்குகளில், பூச்சிக்கொல்லி முதலிய நச்சுகளால் விளையும் ஆபத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பதும் ஒன்று. செம்பனைத் துறைக்கு 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசியத் தரச்சான்று முறையிலும் உயிர்ப்பன்மையும் இயற்கைச் சேவைகளும் இடம் பெற்றுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பின்னர் காடழித்த நிலத்தில் விளைந்த இரப்பரையும் செம்பனை எண்ணெயையும் தன் சந்தையில் ஏற்பதில்லை என்கிறது. ஆகவே, நிலத்தின் கணக்கு இனி விலையின் கணக்காகவும் ஆகிவிட்டது.

தொழிலாளரின் பங்கு

இவ்வளவையும் அளக்க வருவோர் சில நாட்கள் தங்கிச் செல்பவர்கள். அதே நிரையில் இருள் பிரியும் முன்பே நடந்து, ஆண்டுக்கணக்காக அதே மரங்களைத் தொட்டு வருபவர் பால் வெட்டும் தொழிலாளர் ஆவார். எந்தக் குருவி முன்பு வந்தது, இப்போது வருவதில்லை. எந்த ஓடையில் மீன் இருந்தது, எந்த மருந்து அடித்த பிறகு இல்லாமற் போயிற்று என்பன அவர் அறிந்தவை. அந்த அறிவு எழுத்தில் ஏறாவிட்டால் கணக்கு குறையுடையதாகவே இருக்கும்.

மனித உடலும் தோட்டத்து உயிர்களுள் ஒன்றே. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டு, இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. தோளில் மருந்துத் தோம்பைச் சுமந்து அடித்தவர்களில் நம் தோட்டப் பெண்கள் பலர். கண் எரிச்சலும் தோல் புண்ணும் நகச் சிதைவும் முறையாகப் பதிவு செய்யப்படும்போதுதான், நஞ்சின் உண்மையான விலை ஏட்டில் ஏறுகிறது. எனவே, மருந்தால் உடல் நலம் குன்றினால் மருத்துவமனையில் மருந்தின் பெயரைக் கூறிப் பதிவு செய்துகொள்வது தொழிலாளரின் உரிமையும் கடமையும் ஆகும்.

அதே போன்று, கணக்கெடுப்பு உழைப்பவருக்கு எதிராகத் திரும்பிவிடலாகாது. ஆற்றோரத்தை ஒதுக்கும்போது அங்குள்ள காய்கறிப் பாத்திகளும் மாட்டுக் கொட்டகைகளும் பாதிக்கப்படலாம். அவற்றை நம்பி வாழும் குடும்பங்களையும் அளவெடுப்போர் கணக்கில் சேர்க்க வேண்டும். மாற்றிடம் பற்றித் தொழிற்சங்கத்தின் வழியாகவும் நிருவாகத்திடமும் முன்கூட்டியே பேசித் தீர்வு காண்பதே முறை.

தோட்ட மக்கள் இன்றே செய்யத்தக்கவை சில உள. பயன்படாத மங்குகளைக் கவிழ்த்து வைத்தல், கூகைப் பெட்டிகளைக் கலைக்காதிருத்தல், மருந்துக் கலன்களை ஓடையில் கழுவாதிருத்தல், ஆற்றோரத்து மரங்களை வெட்டாதிருத்தல் ஆகியவை செலவில்லாதவை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் காணும் பறவைகளைத் தேதியோடு எழுதி வரலாம். பல ஆண்டுகள் தவறாமல் எழுதப்பட்ட எளிய நோட்டும் ஆய்வாளருக்குப் பெருந்துணையாகும்.

எண்ணப்படும் பொருளுக்கே ஏட்டில் இடமுண்டு. ஏட்டில் உள்ளதற்கே கொள்கையில் இடமுண்டு. பாலை நிறுத்துக் கணக்குப் பார்ப்பதில் நெடுங்காலப் பழக்கமுள்ள தோட்ட மக்கள், மண்ணையும் நீரையும் அவற்றில் வாழும் உயிர்களையும் கணக்கில் சேர்க்கும் இப்பணியிலும் முன்னிற்பார்களாக.