காயமுற்ற வளர்ப்பு மீனுக்கு நீரே முதல் மருந்து

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன் காயமுற்றால், வளர்ப்போர் முதலில் நாடுவது மருந்துக் குப்பியையே ஆகும். ஆயின் காயம் ஆறுவதற்கு முன்னரே, அளவறியாது இட்ட மருந்தினாலும் கெட்டுப்போன நீரினாலும் மீன் இறந்துபடுதல் உண்டு. மீனின் உடல் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறன் உடையது. அத்திறனுக்கு இடையூறு நேராவண்ணம் நீரைக் காத்துத் தருவதே சிகிச்சையின் பெரும்பகுதியாகும்.

கோலார் தங்கவயல் வட்டாரத்தில் இது வீட்டு அலங்காரத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. தங்கவயலுக்கு அண்மையிலுள்ள காமசமுத்திரப் பகுதிச் சிற்றூர்களில், 1990-களில், மலேரியாவைத் தடுக்கும் பொருட்டுக் கப்பி, கம்பூசியா என்னும் சிறு மீன்கள் நீர்நிலைகளில் விடப்பட்டன. பூச்சிக்கொல்லித் தெளிப்பு பட்டுப்புழுக்களுக்குக் கேடு விளைப்பது. ஆதலால் பட்டு வளர்ப்பு நிகழும் ஊர்களில் கொசுப்புழுவைத் தின்னும் மீன் ஏற்ற துணையாயிற்று. இத்தகைய மீன்களைத் தொட்டியில் பெருக்கி, வலையிற் பிடித்து, வேறிடம் கொண்டு செல்லும்போது செதில் உதிர்தலும் துடுப்புக் கிழிதலும் நேர்கின்றன. பள்ளித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கும் ஆசிரியரும் இவற்றை அடிக்கடி காண்பர். ஆகவே களப்பணியாளர், ஆசிரியர் ஆகிய இரு சாராருக்கும் இம்முறைகள் பயன்படும்.

காயத்தில் நிகழ்வது யாது?

மீனின் தோல்மீது வழவழப்பான சளிப்படலம் ஒன்று உள்ளது. கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண் இதுவே. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்புச் செறிவு மிக்கது. தோல் கிழிந்த இடத்தின் வழியே நீர் உடலுக்குள் புகும். உப்பு வெளியே கசியும். இவ்விழப்பை ஈடுசெய்வதிலேயே மீனின் வலிமை செலவாகிறது. எனவே காயம் சிறிதாயினும் மீன் சோர்ந்து காணப்படும்.

இதற்கிடையே சுற்றுத் தோலின் உயிரணுக்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடத் தொடங்குகின்றன. உதிர்ந்த செதிலுக்கு ஈடாகப் புதுச் செதில் சில வாரங்களில் வளரும். பழஞ் செதிலின் நடுவிலிருந்தே காணப்படும் வளையங்கள் புதுச் செதிலின் நடுப்பகுதியில் இரா. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ்க் காட்டலாம்.

தனிப் பாத்திரம்

காயமுற்ற மீனைப் பிற மீன்கள் கொத்தும். ஆதலால் அதனைப் பிரித்து வைத்தல் வேண்டும். சோப்பும் பினாயிலும் படாத பிளாஸ்டிக் வாளி போதுமானது. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் ஆகா. நீரிற் கரையும் செம்பு மீனுக்கு நஞ்சாகும். மீனை உலர்ந்த கையால் பற்றினால் சளிப்படலம் அழியும். கிண்ணத்தால் நீரோடு சேர்த்து முகந்து எடுப்பதே நன்று. பாத்திரத்தை வலையால் மூடி, நிழலில் வைத்து, காற்றுக் குமிழிவிடும் கருவியை மெதுவாக இயங்கச் செய்க.

எந்த நீர்?

தங்கவயலில் குழாய் நீர், ஆழ்குழாய்க் கிணற்று நீர், சுத்திகரிப்பு நிலையத்துக் குடிநீர் எனப் பலவகை நீர் புழங்குகிறது. குளோரின் இட்ட நீர் மீனின் செவுள்களை அரிக்கும். அதனை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துக. கோலார் மாவட்டத்து ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமானது. அந்நீரில் பழகிய மீனை, தாதுக்கள் நீக்கப்பட்ட சுத்திகரிப்பு நீருக்குத் திடீரென மாற்றுவது பெருந்தீங்காகும். மனிதர் குடிப்பதற்கு உகந்த நீர் எல்லாம் மீனுக்கு உகந்தது என்று கொள்ளலாகாது. பழைய தொட்டி நீர் தூயதாயின், அதில் பாதியும் அதே வகைப் புதுநீர் பாதியும் கலந்து கொள்க. சுரங்கத்தின் சயனைடு மண்மேடுகளின் அடியில் தேங்கும் நீரை ஒருபோதும் எடுத்தல் கூடாது.

இவ்வூர் கடல் மட்டத்திற்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மார்கழி, தை இரவுகளில் சிறு வாளியின் நீர் விரைவில் குளிர்ந்துவிடும். குளிரில் காயம் ஆறுவது தாமதமாகும். ஆதலால் பாத்திரத்தை வீட்டின் உட்பகுதியில் வைத்தல் நலம்.

உப்பும் பிற மருந்துகளும்

எளிய துணை மருந்து கல்லுப்பு. 10 லிட்டர் நீருக்கு 20 கிராம் என நிறுத்து, தனியே கரைத்து, மூன்று பகுதிகளாகச் சில மணி நேர இடைவெளியில் சேர்க்க. உப்பு நீருக்கும் உடலுக்கும் உள்ள செறிவு வேற்றுமையைக் குறைத்து மீனின் சுமையைத் தணிக்கிறது. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுக. மாற்றிய நீருக்கு மட்டுமே புது உப்புச் சேர்க்க. உப்பு ஆவியாகிப் போவதன்று. முழு அளவையும் நாள்தோறும் இட்டால் செறிவு ஏறிக்கொண்டே போகும். செதிலற்ற கெளுத்தி இனங்களுக்கு இதனினும் குறைந்த அளவே தகும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் மிகச் சிறு அளவிலேயே பயன்படுவது. கண்ணளவில் இட்டால் செவுள்களைச் சுட்டுவிடும். மனிதர்க்குரிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கரைத்து ஊற்றுவது, மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருக வழிசெய்யும். இவற்றை வல்லுநர் அறிவுரையின்றிக் கையாளலாகாது.

முதல் நாள் உணவு வேண்டா. பின்னர்ச் சிறிதளவே இட்டு, எஞ்சியதை உடனே அகற்றுக. உணவு அழுகினால் அம்மோனியா தோன்றும். அதுவே சிறு பாத்திரத்தில் மீனின் முதற் பகை.

கவனிக்க வேண்டிய குறிகள்

புண்ணின் ஓரம் தெளிந்து, மீன் உணவை நாடுமாயின் நலம் பெறுகிறது எனலாம். பஞ்சு போன்ற வெண்படலம் பூஞ்சைத் தொற்றைக் குறிக்கும். சிவப்பு ஓரம் பரவுதலும், செதில்கள் நிமிர்ந்து உடல் உப்புதலும் உட்கிருமிகளின் அறிகுறிகள். இந்நிலையில் கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறையினரையோ அணுகுதல் வேண்டும்.

மீன் குணமடைந்தபின் காயத்தின் காரணத்தையும் களைக. கூரிய கற்கள், நெருக்கம், முரட்டு வலை ஆகியவை நீங்காவிடில் புண் மீண்டும் நேரும். தேறிய மீனைத் தன் தொட்டிக்கே திருப்புக. இரக்கத்தால் ஏரியிலோ ஓடையிலோ விடுதல் தவறு. கப்பியும் கம்பூசியாவும் அயல்நாட்டு இனங்கள், அவை அங்குள்ள இயற்கை மீன்களுக்கு இடர் விளைக்கும்.