திரைக்குள் தெய்வங்கள் – 7: பதவி காலி!

சென்ற வாரம் பார்த்த ‘பாப்புலஸ்’ ஆட்டத்தில் கடவுளுக்குப் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. பள்ளத்தை மேடாக்கலாம், மேட்டைக் கரைக்கலாம், பிடிக்காதவன் ஊரில் எரிமலையைக் கிளப்பலாம். 1989-இல் பீட்டர் மாலினியூ காட்டிய அந்தச் சுகத்தைத்தான் பின்னால் வந்த கடவுள் ஆட்டங்களில் பெரும்பாலானவையும் விற்றன. ஸ்வீடனிலிருந்து வந்த ‘டொமினியன்ஸ்’ வேறு வழியில் போனது. இதில் கடவுள் ஒரு வேட்பாளர், அவ்வளவுதான்.

உலகத்தை ஆண்டுகொண்டிருந்த ‘பாண்டோக்ரேட்டர்’ என்ற பெருந்தெய்வம் திடீரென்று காணாமல் போய்விடுகிறது. பதவி காலி. நாட்டுக்கு ஒன்றாகப் போலித் தெய்வங்கள் கிளம்பி, “இனி நானே கடவுள்” என்று அடித்துக்கொள்கின்றன. அதில் ஒன்று நீங்கள்.

உங்கள் தெய்வத்தை நீங்களேதான் வடிவமைக்க வேண்டும். டிராகனாக இருக்கலாம், கிழட்டு ஞானியாக இருக்கலாம், இடத்தைவிட்டு நகராத கற்சிலையாகக்கூட இருக்கலாம். கையில் இருப்பதோ அளவான புள்ளிகள். மந்திர ஆற்றலுக்குச் செலவழித்தால் நாட்டின் வளத்துக்கு மிஞ்சாது. ஒழுங்கும் விளைச்சலும் அதிர்ஷ்டமும் வேண்டுமென்றால் தெய்வம் கொஞ்சம் சோப்ளாங்கியாகத்தான் இருக்கும். ஒரு குறுக்கு வழி உண்டு: தெய்வம் இன்னும் சிறையில் அடைபட்டுக் கிடக்கிறது என்று முடிவு செய்தால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஒரு முறைக்கு ஒரு மாதம் என்பது ஆட்டத்தின் கணக்கு. அடைபட்ட தெய்வம் வெளியே வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் கடவுளை உள்ளே தள்ளிவிட்டுத்தான் ஆட்டத்தையே தொடங்குகிறார்கள்!

நான் இந்த ஆட்டத்தில் சொக்கிப்போனது மெழுகுவத்திகளால். வரைபடத்தில் ஒவ்வொரு மாகாணத்திலும் சின்னச் சின்ன மெழுகுவத்திகள் தெரியும். வெள்ளை என்றால் அங்குள்ள மக்கள் உங்களை நம்புகிறார்கள். கறுப்பு என்றால் வேறொருவரை. கோயில் கட்டினால் நம்பிக்கை பரவும், பூசாரி பிரசங்கம் செய்தால் கூடும். தளபதிகளில் ஒருவரைத் தீர்க்கதரிசியாக அறிவித்துக்கொள்ளலாம். சொந்த மெழுகுவத்திகளுக்கு நடுவில் உங்கள் தெய்வத்துக்கு உடல் வலு ஏறும். எதிரியின் மெழுகுவத்திகளுக்குள் கால் வைத்தால் அதே தெய்வம் வாடிப்போகும். உலகத்தில் எங்குமே உங்கள் மெழுகுவத்தி ஒன்றுகூட இல்லை என்றாகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. படை அப்படியே நிற்கலாம், கஜானா நிரம்பி வழியலாம். நம்ப ஆளில்லாத கடவுளுக்கு டெபாசிட்கூடக் கிடைக்காது.

நம்பிக்கை பரவுவதும் எப்போதும் நல்லதற்கல்ல. ரோமாபுரியின் சாயலில் வரையப்பட்ட ‘எர்மோர்’ பேரரசு, ஆட்டத்துக்கென்று உள்ள யுகங்களில் நடு யுகத்தில் பிணங்களின் நாடு. அதன் நம்பிக்கை எட்டிய இடத்திலெல்லாம் மக்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள், செத்தவர்கள் படையில் எழுந்து நிற்பார்கள். அந்த நாட்டுக்கு வரி வசூலைப் பற்றிய கவலையே இல்லை. பக்கத்து நாட்டை நடத்துகிறவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போருக்கு வருவோம். சண்டை தொடங்கிய பிறகு கடவுளால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆணைகளை எழுதி அனுப்புகிறார்கள், கணினி மொத்தமாக நடத்தி முடிக்கிறது. முடிந்துபோன சண்டையைத்தான் நீங்கள் பார்க்க முடியும். ஒரு மந்திரவாதிக்கு முதல் ஐந்து சுற்றுக்கு என்னென்ன மந்திரம் என்று எழுதிக் கொடுக்கலாம். ஆறாவது சுற்றிலிருந்து அவர் இஷ்டம். அழகாக நெருப்பு பொழிந்துகொண்டிருந்தவர், எதிரி வரிசை உடையப் போகும் நேரத்தில் யாருக்கும் உதவாத ஒரு மந்திரத்தை முணுமுணுப்பார். பின்னால் நிற்கும் வில்லாளிகளின் அம்புகள் முன்னால் நிற்கும் நம் ஆட்கள் முதுகிலேயே தைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்தான் அந்த உலகத்தின் தெய்வம்.

பிழைத்து வருகிறவர்களும் முழுசாக வருவதில்லை. ஒருவனுக்குக் கண் போயிருக்கும், இன்னொருவனுக்கு நொண்டல், வேறொருவனுக்கு ஆறாத புண். தெய்வமே செத்துப்போனாலும் பூசாரிகள் மாதக்கணக்கில் வேண்டி அழைத்துத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் வரும்போது மந்திர ஆற்றலில் கொஞ்சத்தைத் தொலைத்துவிட்டுத்தான் வரும்.

நாடுகளின் பட்டியலைப் புரட்டினால் நமக்குத் தெரிந்த பெயர்களும் அகப்படும்: கைலாசா, பாதாளா, லங்கா. லங்காவில் ராட்சசர்கள் ஆள்கிறார்கள், ரத்தப் பலியில் இயங்கும் மந்திரம் அவர்கள் கைவசம். ராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களைத் தூக்கிவாரிப்போடும் விஷயம் ஒன்று: லங்காவின் படையில் வானரங்களும் சேர்ந்து போரிடுகின்றன. இது தப்பா என்று கேட்டால், எனக்குக் கோபம் வரவில்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கிரேக்கத்தையும் ஆஸ்டெக்கையும் ஜப்பானையும் இதேபோலத்தான் கலைத்து அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் கைலாசாவின் நடு யுக வாரிசுக்குக் கிப்ளிங் கதையின் குரங்குக் கூட்டத்திடமிருந்து ‘பந்தர் லோக்’ என்று பெயர் வைத்தது சோம்பேறித்தனம்.

இத்தனையையும் செய்த ‘இல்விண்டர்’ நிறுவனம் என்பது அடிப்படையில் இரண்டு பேர்: யோஹான் கார்ல்சன், கிறிஸ்டோஃபர் ஓஸ்டர்மன். இரண்டாமவர் பள்ளி ஆசிரியர். 2006-இல் வந்த மூன்றாம் பாகத்திலேயே 1,500-க்கும் மேற்பட்ட படை வகைகள், கூடவே 300 பக்கக் கையேடு. ஆறாம் பாகம் 2024 ஜனவரியில் வந்தது. படம் மட்டும் இன்றும் பழைய காலத்துப் பொம்மைதான். பளபளப்பை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் பத்தாவது நிமிடத்தில் மூடிவிடுவார்கள்.

தாக்குப்பிடிப்பவர்கள் நண்பர்களோடு ஆடுகிறார்கள். ஒரு முறைக்கு நிஜ உலகில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் ஓடும். நடுவில் ஒருவருக்குத் தேர்வு வரும், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும். அப்போது வெளியிலிருந்து ஒரு பதிலாளைப் பிடித்து, “வடக்கே உள்ளவனோடு சமாதானம் பேசியிருக்கிறேன், மீறிவிடாதே” என்று சொல்லித் தெய்வத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக வந்தவர் பெரும்பாலும் முதல் வேலையாகக் கையிருப்புத் தங்கத்தை எண்ணிப் பார்க்கிறார்.

(தொடரும்)